முதலில் நீ குடித்துக் காட்டு

எங்கள் வீட்டில் யாரும் எதையும் நம்பிக் குடித்ததில்லை. பால்காரர் வாசலில் நிற்கும்போதே அப்பா செம்புக்குள் லாக்டோமீட்டரை இறக்கிவிடுவார். பால் சரியாக இருந்தால் அவருக்கு லாக்டோமீட்டர் மேல் சந்தேகம் வந்துவிடும். கல்யாண வீட்டில் கலர் சோடா கொடுத்தால், பக்கத்து நாற்காலிக்காரர் குடித்துவிட்டு ஐந்து நிமிடம் நன்றாக இருக்கிறாரா என்று பார்த்த பிறகே வாய் வைப்பார். (அதற்குள் கேஸ் முழுக்கப் போயிருக்கும். "பாத்தியா, இதுல ஒண்ணுமே இல்ல, வெறும் சீனித்தண்ணி" என்பார்.) அந்த அப்பாவுக்கு நான் ஒரே மகன். சொத்து என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. இந்தக் குணம் மட்டும் சேதாரம் இல்லாமல் வந்து சேர்ந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், இந்தக் குணத்தால் எனக்கு ஓர் அரசு வேலை போயிற்று. காடு மலையெல்லாம் நடக்க வேண்டிய வேலை. எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். இதைப் படிப்பவர் யார், எவர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது நடைத் தேர்வு மட்டும். இருபத்தைந்து கிலோமீட்டரை நாலு மணி நேரத்தில் கடக்க வேண்டும். ஓடலாம், நடக்கலாம், உருண்டும் போகலாம், கேள்வி கிடையாது. அம்பாசமுத்திரத்தில் ஒரு மைதானத்தில் கிளம்பி, மணிமுத்தாறு அணை வரை போய்த் திரும்பி, குறையும் தூரத்துக்கு வாய்க்கால் சாலையில் ஒரு சுற்று சுற்றி மைதானத்துக்கே வர வேண்டும். அடுத்த முறை விண்ணப்பம் போட எனக்கு வயது இருக்காது. ஆகவே இது போனால் போனதுதான்.

எங்கள் ஊரிலிருந்து இன்னொருவனும் தேறியிருந்தான். ஆவுடையப்பன். அடுத்த தெரு. தூரத்து உறவு என்று அம்மா சொல்வாள். அப்பா அதையும் சந்தேகப்பட்டார்.

"நேரத்துக்குள்ள வந்தா எல்லாருக்கும் வேலைதாம்" என்று ஆவுடை சொன்னான். தேர்வுக் கடிதத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. வீட்டில் அதை வாசித்துக் காட்டினேன். அப்பா சிரித்தார்.

"ஒரே ஊருக்கு ரெண்டு வேலை குடுப்பானாலே? யோசிச்சுப் பாரு. ஒருத்தன்தான்."

யோசித்துப் பார்த்தேன். அன்று ராத்திரியே ஆவுடை எனக்கு எதிரியாகிவிட்டான். பாவம், அவனுக்கு அது தெரியாது. தினமும் விடியற்காலையில் "ஏலே சங்கரா, வாலே நடந்துட்டு வருவோம்" என்று வாசலில் வந்து நிற்பான்.

நானும் போவேன், வேவு பார்க்க. அவன் நடையில் ரகசியம் எதுவும் இல்லை. கட்டை அவிழ்த்து விட்ட குதிரை மாதிரி கையையும் காலையும் வீசிக்கொண்டு போவான். ரகசியம் எல்லாம் அவன் பாட்டிலில் இருந்தது. அது ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அதற்குக் கறுப்புத் துணியில் கழுத்து வரை உறை தைத்துப் போட்டிருந்தான். அரை மணிக்கு ஒரு தரம் சாலையோரமாக ஒதுங்கி, எனக்கு முதுகைக் காட்டி, தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு இரண்டு மடக்குக் குடிப்பான். துண்டை எடுக்கும்போது முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருக்கும். அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியாது.

"என்னலே குடிக்க?" என்று கேட்டேன்.

"சும்மா தண்ணிதான்" என்றான்.

தண்ணீருக்கு எவனாவது சட்டை தைத்துப் போடுவானா?

வெளிநாட்டுப் போட்டிகளில் ஓட்டக்காரர்கள் ஊக்கமருந்து அடித்துவிட்டு மாட்டிக்கொண்ட கதைகள் பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம் அது. எனக்குப் பொறி தட்டியது. மறுநாள் இருட்டு பிரிவதற்கு முன்பே கிளம்பிப் போய், ஆவுடை வீட்டுப் பின்பக்கச் சுவரோடு ஒட்டி நின்று சமையல்கட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவன் தங்கை கோமதி அங்கே நின்றுகொண்டிருந்தாள். நர்சுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண். வெள்ளையாக, கலங்கலாக எதையோ பாட்டிலுக்குள் ஊற்றினாள். பிறகு ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடி எடுத்து, விரல் நுனியால் அளந்து போட்டு, மூடிக் குலுக்கினாள். நர்சு. வெள்ளைப் பொடி. அளவு. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன சாட்சி வேண்டும்?

அந்த நேரம் பார்த்து என் காலடியில் ஒரு தகரம் சத்தம் போட்டது.

"யாரது?" என்றாள் கோமதி.

"யாருமில்ல!" என்று பதில் சொல்லிவிட்டு ஓடினேன்.

அவனுக்கு மருந்து என்றால் எனக்கும் மருந்து வேண்டும் என்று முடிவு செய்தேன். நேரே கடைத்தெரு அண்ணாச்சியிடம் போய் குளுக்கோஸ் பாக்கெட் கேட்டேன். பாக்கெட்டில் ஒரு தம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்று போட்டிருந்தது. எல்லாரும் அதிகமாகக் குடித்து எல்லாரும் பலசாலி ஆகிவிட்டால் கம்பெனிக்காரனுக்கு என்ன பெருமை? அதனால் வேண்டுமென்றே குறைத்து எழுதியிருப்பான் என்று எனக்குப் பட்டது. (கம்பெனிக்காரன் அதிகமாக விற்கத்தானே பார்ப்பான் என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.)

"அண்ணாச்சி, ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட்டு போதுமா, ரெண்டு போடணுமா?"

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே, பாக்கெட்டு கணக்கால்லாம் போடப்பிடாது. வயித்தக் கலக்கிரும். அதுல எழுதியிருக்கறதப் பாத்துப் போடு."

அண்ணாச்சி ஆவுடை வீட்டுக்கு மாதச் சாமான் போடுகிறவர். ஆகவே அவர் வேண்டாம் என்றால் வேண்டும் என்று பொருள். மூன்று பாக்கெட் வாங்கினேன்.

தேர்வுக்கு முந்தைய நாள், கதவைச் சாத்திக்கொண்டு கரைத்தேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று பாக்கெட் குளுக்கோஸ். அதன் மேல் கருப்பட்டிப் பாகு. அதன் மேல் ஐந்து எலுமிச்சம்பழம், ஒரு கரண்டி தேன். பாட்டிலைச் சாய்த்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வாய்க்கு வரும், அவ்வளவு கெட்டி. ருசி பார்க்கவில்லை. முன்கூட்டியே குடித்தால் குறைந்துவிடும், மேலும் அம்மா பார்த்துவிடுவாள். உலகத்தில் எந்த ஓட்டக்காரனும் புதுச் சாமானைப் போட்டி நாளில் முதல் தடவையாக வயிற்றுக்குள் தள்ள மாட்டான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

காலை ஆறு மணிக்கு விசில் ஊதினார்கள். என் நெஞ்சில் நூற்றுப் பதினாலாம் எண். ஆவுடைக்கு நூற்றுப் பதினைந்து. முதல் ஒரு மணி நேரம் குளிர்ச்சியாக, சுகமாகப் போயிற்று. இருபுறமும் வயல், எதிரே மலை. வழியில் பச்சை டிரம்மில் தண்ணீர் வைத்திருந்தார்கள். நான் தொடவில்லை. யார் வைத்தது, எப்போது வைத்தது, ஒன்றும் தெரியாது. என் பாட்டிலையும் திறக்கவில்லை, கடைசிக் கட்டத்துக்கு இருக்கட்டும் என்று. அணையை நெருங்கும்போது வெயில் ஏறிவிட்டது. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு நூறு அடி முன்னால் ஆவுடை ஒதுங்கி நின்று, துண்டைத் தலையில் போட்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அணைப் பக்கம் நாற்காலி போட்டு எண்களைக் குறித்துக்கொண்டிருந்த அதிகாரியிடம் போய் நின்றேன். தடித்த மீசைக்காரர், அவர் பக்கத்தில் ஒல்லியாக ஓர் உதவியாளர்.

"சார், நூத்திப் பதினஞ்சு ஊக்கமருந்து குடிக்கான் சார். நான் கண்ணால பாத்தேன். அவன் தங்கச்சி நர்சு."

அதிகாரி பேனாவை மூடினார். ஆவுடையைக் கூப்பிட்டார்.

"என்னலே பாட்டில்ல?"

ஆவுடை பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "அத யாரும் பாக்கப்பிடாது சார்."

"ஏன் பாக்கப்பிடாது?"

"கண்ணு பட்டுரும்னு அம்மை சொல்லிருக்கா சார். இவன் தெனமும் உத்து உத்துப் பாக்கான். அதுக்குத்தான் கறுப்புத்துணி."

ஒரு மாதமாக நான் அவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அவன் வீட்டில் ஒரு மாதமாக என் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி உறையைக் கழற்றி, மூடியைத் திறந்து முகர்ந்தார். முகம் மாறியது. ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு மடக்கு.

"வே, இது நீராகாரம்லா! பழைய சோத்துத் தண்ணி, மோரு, உப்பு. சின்ன உள்ளி வாசன வேற வருது. கொள்ளாம்வே." உதவியாளரிடம் நீட்டினார். அவரும் ஆய்வு செய்தார். இரண்டு பேரும் விடியுமுன்னே வந்து வெயிலில் உட்கார்ந்தவர்கள், ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் போல. மாறி மாறி ஆய்வு செய்ததில் பாட்டில் காலியாகிவிட்டது. அப்போதுதான் அதிகாரிக்கு உறைத்தது.

"அடடா, பையனோடத முழுக்கக் குடிச்சிட்டோமே." என் பக்கம் திரும்பினார். "ஏய், நூத்திப் பதினாலு. நீதான புகார் சொன்னது? ஒன் பாட்டில இவன்கிட்ட குடு."

நியாயம்தான். ஆனால் ஆவுடை என் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தான். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒன்று மெதுவாக நகர்ந்தது.

"இது வேண்டாம் சார். இவன் எனக்கு என்ன வேணாலும் கலந்து குடுப்பான். மொதல்ல அவன் குடிச்சுக் காட்டட்டும்."

"ஒழுங்கான சாமான்தான் சார்" என்றேன்.

"அப்பம் குடி" என்றார் அதிகாரி. "எம் முன்னாடி, முழுசும் குடி."

மரியாதைப் பிரச்சினை ஆகிவிட்டது. குடித்தேன். முதல் மடக்கில் பல் கூசியது. மூன்றாவதில் காது அடைத்தது. பாதியில் நிறுத்தினால் உதவியாளர் "ம்ம்" என்றார். ஒரு லிட்டரையும் விழுங்கி முடித்து, பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினேன். ஆவுடை டிரம்மில் இரண்டு தம்ளர் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு, "வாரேன் சார்" என்று கையை வீசிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியவில்லை. மருந்து வேலை செய்கிறது என்றுகூட நினைத்தேன். பிறகு வயிற்றுக்குள் யாரோ அண்டாவை உருட்டினார்கள். நெற்றியில் குளிர்ந்த வேர்வை. அடுத்த நிமிடம் நான் சாலையில் இல்லை, பக்கத்து வாழைத்தோட்டத்துக்குள் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தோட்டக்காரர் குரல் கேட்டது. "யாருவே அங்கன?"

"யாருமில்ல!"

"நம்பரு தெரியுதுவே. நூத்திப் பதினாலு. வாழத்தார் வெட்டவா வந்தீரு?"

"தார் வேண்டாம் அண்ணாச்சி, வாய்க்கால் எந்தப் பக்கம்?"

தோட்டத்திலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து சாலை, சாலையிலிருந்து மறுபடி வேறொரு தோட்டம். என்னைத் தாண்டி ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் இறங்கிவிட்டது. கால் தரையில் பாவவில்லை. வேலை போய்விட்டது என்று தெரிந்து, இருபத்தேழு வயசுக்காரன் நடந்துகொண்டே அழுதேன். அழுகைக்கும் கண்ணில் நீர் இல்லை.

வாய்க்கால் பாலத்தில் ஒரு பெண் கையில் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கோமதி.

"என்ன இப்பிடி வெளுத்துப் போயிட்டிய? இதக் குடிங்க" என்று தூக்கை நீட்டினாள். உள்ளே அதே வெள்ளைக் கலங்கல்.

எவனாக இருந்தாலும் வாங்கிக் குடித்திருப்பான். நான் யார்? அப்பாவின் மகன். இவளோ எதிரியின் தங்கை. நர்சு. அவள் அண்ணனை இப்போதுதான் நான் மாட்டிவிட்டிருக்கிறேன். பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிற்கக்கூடத் தெம்பில்லாதவன் சொன்னேன்:

"மொதல்ல நீங்க குடிச்சுக் காட்டுங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தூக்கின் மூடியில் ஊற்றி அண்ணாந்து குடித்தாள்.

"வாய்க்குள்ளயே வச்சிருந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

இப்போது நினைத்தாலும் அந்த வாய்க்காலில் குதித்துவிடலாம் போல இருக்கிறது. கோமதி பட்டப்பகலில், போகிற வருகிற ஆட்கள் பார்க்க, "ஆ" என்று வாயைத் திறந்து காட்டினாள்.

குடித்தேன். உப்பும் புளிப்பும் சில்லிப்பும் தொண்டையில் இறங்கின. வயிறு எதிர்த்துப் பேசவில்லை.

"பையக் குடிங்க. மடமடன்னு குடிச்சா திரும்ப வந்துரும். ரெண்டு மடக்குக் குடிக்கணும், நடக்கணும், பொறவு ரெண்டு மடக்கு. தூக்கையும் கொண்டு போங்க." அவ்வளவுதான் சொன்னாள்.

இப்படியாக, அரசு நடைத் தேர்வில் சாம்பார் வாங்கப் போகிறவன் மாதிரி கையில் தூக்குச்சட்டியோடு நடந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் கால் வந்துவிட்டது. இரண்டு மடக்கு, நடை, இரண்டு மடக்கு. முன்னால் போனவர்களில் நாலைந்து பேரை எட்டிப் பிடித்தேன். ஊர் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரப் புளியமரத்தடியில் ஒருவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நூற்றுப் பதினைந்து.

வெறும் தண்ணீரில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். கால் சுருட்டிப் பிடித்துவிட்டது. முகம் கோணிப் போயிருந்தது. அதற்குக் காரணம் நான். அவனுக்கும் இதை விட்டால் வேலை இல்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்கு முதல்முறையாகத் தோன்றியது. ரொம்ப வெட்கமாக இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து தூக்கை நீட்டினேன்.

ஆவுடை தூக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி தூக்கைப் பார்த்தான்.

"இது எங்க வீட்டுத் தூக்குலா?"

"ஆமா. குடிலே."

"மொதல்ல நீ குடிச்சுக் காட்டு."

குடித்தேன். கேட்காமலே வாயையும் திறந்து காட்டினேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிச்சம் இருந்ததைக் குடித்தான். அவன் காலை மடியில் போட்டுப் பாதத்தை மேல்பக்கமாக வளைத்துப் பிடித்தேன். கத்தினான், ஏசினான். "மூதி, ஒன்னாலதாம்லே!" என்றான். பிறகு எழுந்து நின்றான். இரண்டு பேரும் சேர்ந்தே நடந்தோம்.

மைதானத்துக் கொடி கண்ணில் பட்டது. பத்து நிமிடம் இருக்கிறது என்று யாரோ கத்தினார்கள். அந்தச் சமயத்தில், எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்த மூன்று பாக்கெட் குளுக்கோஸ், கடைசியாக ஒரு தடவை என்னைக் கூப்பிட்டது.

"நீ போலே" என்றேன்.

"வாலே, இந்தா தெரியுது பாரு!"

"போலேன்னா போ! நிக்காத!"

அவன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினான். இரண்டு நிமிடம் மிச்சம் வைத்து உள்ளே போனானாம். நான் தூக்குச்சட்டியோடு போய்ச் சேர்ந்தபோது மூன்று நிமிடம் தாமதம். மீசை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார். என்னையும் தூக்கையும் பார்த்து, "இதுல என்னலே இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டார். காலி என்று கவிழ்த்துக் காட்டினேன்.

தேறிய எல்லாருக்கும் வேலை கொடுத்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் மூன்று பேர்கூட இருந்தார்கள். அப்பா அந்தப் பட்டியலையே சந்தேகப்பட்டார்.

எனக்குப் பிறகு வேறொரு வேலை கிடைத்தது. உணவுப் பொருட்களில் கலப்படம் இருக்கிறதா என்று சோதிக்கும் இடத்தில். சந்தேகப்படுவதற்கே சம்பளம் என்றால் நான் எப்படித் தேறாமல் போவேன்? தூக்கைத் திருப்பிக் கொடுக்கப் போன வீட்டுக்கு, இரண்டு வருஷம் கழித்து மாப்பிள்ளையாகவும் போனேன்.

கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுக்கும்போது, சமையல் அண்டா பக்கத்திலிருந்து ஆவுடை சத்தமாகச் சொன்னான்: "ஏட்டி கோமதி, மாப்பிள்ளை அப்பிடிலாம் குடிக்க மாட்டாரு. நீ குடிச்சுக் காட்டணும்!" முழுக் கதையும் சபைக்குத் தெரிந்திருந்தது. கோமதி குனிந்த தலை நிமிராமல் டம்ளரை என்னிடமிருந்து வாங்கி, ஒரு மடக்குக் குடித்துவிட்டு, நிமிர்ந்து சபையைப் பார்த்து "ஆ" என்று வாயைத் திறந்தாள். அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் வீட்டில் அது சடங்காகிவிட்டது. பிள்ளைகள் இருமல் மருந்து குடித்தாலும் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் விளையாடப் போவார்கள். புது மருமகன் வந்தபோது, விஷயம் தெரியாமல், எல்லாரும் ஏன் தன் முன்னால் வாயைப் பிளக்கிறார்கள் என்று பயந்துபோனார்.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. போன தீபாவளிக்கு வந்தபோது, காலை நீட்டிப் போட்டுக்கொண்டு ஆவுடை சொன்னான்:

"மச்சான், அன்னைக்கு எனக்குக் கால் பிடிச்சதுக்கு நீரு மட்டும் காரணம் இல்ல. ஒமக்கு முன்னாடியே நான் அந்தப் பாலத்துல போறேன், இவ தூக்கோட நிக்கா. 'ஏட்டி, அதத் தா'ங்கேன். 'ஒனக்குத்தான் பாட்டில்ல குடுத்து விட்டேம்லா, போ போ'ன்னு, நான் சொல்ல வாரதக் காதுல வாங்காமலே வெரட்டுதா. கடைக்கார அண்ணாச்சி மூணு பாக்கெட்டு கதைய இவகிட்ட முந்தின நாளே சொல்லிட்டாருவே!"

"அவன் பொய் சொல்லுதான்" என்றாள் கோமதி, அடுப்பைப் பார்த்தபடி.

அன்றிலிருந்து தினமும் காலையில் கேட்கிறேன். "கோமதி, அந்தத் தூக்கு யாருக்குக் கொண்டு வந்தது?" அவள் காப்பியை ஒரு வாய் குடித்து, "ஆ" காட்டி, டம்ளரை என் கையில் வைக்கிறாள்.

"ஆறிப்போவுது. குடிங்க."

எதையும் மூன்று தரம் சோதித்துச் சான்றிதழ் எழுதுகிறவன் நான். இதை மட்டும் ஆவுடையிடம் மறுபடி விசாரிக்கவில்லை. அவன் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? காப்பியை வாங்கிக் குடித்துவிடுகிறேன்.